கொல்லைக்கு வைஃபை எட்டவில்லையா? புது ரூட்டர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கச்சிராயபாளையம், சங்கராபுரம் பக்கம் விவசாயிகளைச் சந்திக்கும்போது பூச்சி, உரம் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடி இப்போது அதிகம் வருவது இந்தக் கேள்விதான்: "சார், வீட்டுல நெட்டு நல்லா வருது. மோட்டார் கொட்டாய்க்குப் போனா ஒரு புள்ளிகூட இல்ல. எந்த ரூட்டர் வாங்கலாம்?"

பெரும்பாலும் நான் சொல்லும் பதில், "இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள்" என்பது. கேட்பவர்களுக்கு அது பிடிப்பதில்லை. கடைக்காரர் நான்கு ஆன்டெனா வைத்த ரூட்டரைக் காட்டி, "இது ஒரு ஏக்கருக்கு அடிக்கும்" என்று சொல்லியிருப்பார். ஆனால் தூரமும் வேகமும் முதலில் வருவது வைக்கும் இடத்தாலும் உயரத்தாலும். அடுத்தது ரூட்டருக்குள் இருக்கும் நான்கைந்து செட்டிங். விலை அதற்கெல்லாம் பிறகுதான்.

இது சினிமா பார்க்கும் வசதிக்காக மட்டும் சொல்வதல்ல. சொட்டுநீர் வால்வையும் மோட்டாரையும் செல்போனில் இயக்கும் கருவிகளை நம் பகுதியில் பலர் வைத்துவிட்டார்கள். சிக்னல் அறுந்துபோனால், போனில் 'ஆஃப்' என்று காட்டும் மோட்டார் கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கலாம். காயில் கட்ட ஆகும் செலவும், மோட்டார் இல்லாமல் பயிர் காயும் நாட்களும் உங்களுக்கே தெரியும்.

முதலில் அளந்து பாருங்கள்

போனில் தெரியும் புள்ளிகளை நம்பாதீர்கள். ஒரே சிக்னலுக்கு ஒரு கம்பெனி போன் இரண்டு புள்ளி காட்டும், இன்னொன்று நான்கு காட்டும். 'வைஃபை அனலைசர்' என்று தேடினால் இலவச செயலிகள் கிடைக்கும். அவை சிக்னலை எண்ணில் சொல்லும். அந்த எண் மைனஸில் இருக்கும், அலகு டிபிஎம். மைனஸ் 50 என்றால் மிக நல்ல சிக்னல். மைனஸ் 67 வரை வீடியோ தடையில்லாமல் ஓடும். மைனஸ் 75-க்கு மேல் போனால் மோட்டார் கட்டளை போன்ற சிறிய தகவல் போகும், வீடியோ திணறும். மைனஸ் 85-ஐத் தாண்டினால் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று போனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

இந்த எண் சாதாரணக் கணக்கில் ஏறுவதில்லை. 10 எண் குறைந்தால் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. மைனஸ் 50-லிருந்து மைனஸ் 70-க்கு வந்தால் நூறில் ஒரு பங்கு. அதனால்தான் ரூட்டரை ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்கு மாற்றுவது சில நேரம் பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கிறது.

வீட்டிலிருந்து வரப்பிலேயே நடந்து, இருபது தப்படிக்கு ஒருமுறை நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் திடீரென்று விழுகிறதோ அங்கேதான் தடை இருக்கிறது. தூரம் மட்டும் காரணமாக இருந்தால் எண் மெதுவாகத்தான் இறங்கும். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 6 எண் குறையும், அவ்வளவுதான்.

தகரமும் கரும்பும்

நம் வீடுகளில் ரூட்டர் பெரும்பாலும் டிவிக்குப் பின்னால், பீரோவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. கேபிள்காரர் வசதியாகப் பொருத்திய இடம் அது. இரும்பு பீரோவும் தகரக் கூரையும் அலையைத் திருப்பி அடிக்கும். மோட்டார் கொட்டாய் தகரத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் கருவி இரும்புப் பெட்டிக்குள் பூட்டிய மாதிரிதான். ரூட்டரை கொல்லைப் பக்கத்து ஜன்னலோரம் ஆறேழு அடி உயரத்தில் வையுங்கள். ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வைத்தால் அலை பக்கவாட்டில் பரவும். கொல்லையைச் சுட்டிக்காட்டுவதுபோல் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. அது தவறு, ஆன்டெனாவின் நுனியிலிருந்துதான் அலை குறைவாகக் கிளம்புகிறது.

அடுத்தது பயிர். இலையில் இருக்கும் தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடும். கரும்பு நட்ட மூன்றாம் மாதத்தில் நன்றாக வேலை செய்த இணைப்பு எட்டாம் மாதத்தில் செத்துப்போவது இதனால்தான். மழை பெய்து இலை நனைந்திருக்கும்போது இன்னும் மோசம். மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் இதேதான், உயரம் மட்டும் குறைவு.

கரும்பின் தலைக்கு மேல் கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை, நடுவில் வயிறு பெருத்த கதிர்க்கோல் மாதிரி விரிந்து போகிறது. அந்த வயிற்றுப் பகுதியில் பாதிக்கு மேல் மறைந்தால் சிக்னல் விழும். 300 மீட்டர் தூரத்துக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை என்றால், நேர்கோட்டுக்கும் பயிரின் தலைக்கும் நடுவில் சுமார் 6 அடி இடைவெளி வேண்டும். 1 கிலோமீட்டர் என்றால் சுமார் 11 அடி. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வயிறு சிறியது. 300 மீட்டருக்கு 4 அடியும் 1 கிலோமீட்டருக்கு 7 அடியும் போதும். வளர்ந்த கரும்பு 12 அடி என்று வைத்தால், 300 மீட்டர் தூரத்துக் கிணற்றுக்கு இரண்டு முனையிலும் 18 அடி உயரம் தேவை. மாடி வீட்டில் அது சுலபம். மோட்டார் கொட்டாயில் ஒரு ஜிஐ பைப் நட வேண்டியிருக்கும். மின்வாரியக் கம்பத்தில் மட்டும் கட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்து, சட்டப்படியும் தவறு.

ரூட்டருக்குள் மாற்ற வேண்டியவை

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ஒரு எண்ணும், உள்ளே நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். வைஃபையில் இணைந்தபடியே போன் பிரவுசரில் அந்த எண்ணை அடித்தால் செட்டிங் பக்கம் திறக்கும். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தப்பாகிவிட்டால் பழையபடி வைத்துக்கொள்ள உதவும்.

இப்போது வரும் ரூட்டர்களில் பெரும்பாலும் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கின்றன. 2.4 தூரம் போகும், சுவரையும் இலையையும் ஓரளவு தாண்டும். 5 வேகமானது, ஆனால் தடையைத் தாண்டாது. வெட்டவெளியில்கூட அதே தூரத்தில் சுமார் 7 எண் குறைவாகக் கிடைக்கும். பல ரூட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும். அதைப் பிரித்து 'வீடு', 'கொல்லை' என்று தனித்தனிப் பெயர் வையுங்கள். சொட்டுநீர்க் கட்டுப்பாட்டுக் கருவி, ஈரப்பதம் அளக்கும் சென்சார் இவற்றில் பெரும்பாலானவை 2.4-ல் மட்டும்தான் இணையும். பெயர் ஒன்றாக இருக்கும்போது கருவி இணையாமல், கருவியே பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

அடுத்து 2.4-ல் 'சேனல் விட்த்' என்று ஒன்று இருக்கும். அதை 40-லிருந்து 20-ஆகக் குறையுங்கள். அகலமான வாய்க்காலில் தண்ணீர் பரந்து ஓடுகிறது, குறுகிய வாய்க்காலில் அதே தண்ணீர் உயர்ந்து ஓடுகிறது அல்லவா, அப்படித்தான். அகலம் பாதியானால் இரைச்சல் பாதியாகும், தூரத்தில் இருக்கும் கருவிக்கு சிக்னல் தெளிவாகக் கேட்கும். உச்ச வேகம் குறையும்தான். ஆனால் மோட்டாரை நிறுத்தச் சொல்ல சில எழுத்துகள் போனால் போதும். கேமரா ஒன்றுக்குக்கூட 2 எம்பிபிஎஸ் அளவுக்கு வந்தால் தெளிவான படம் கிடைக்கும்.

சேனல் எண்ணை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். இவை மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும். அனலைசர் செயலியில் பார்த்து, பக்கத்து வீட்டார் பயன்படுத்தாததை எடுங்கள். கள்ளக்குறிச்சி நகரத்திலும் சின்னசேலத்திலும் இது பெரிய விஷயம், தெரு முழுக்க ரூட்டர்தான். தனித்த கொல்லை வீட்டிலோ மலை ஊரிலோ எந்த எண் வைத்தாலும் ஒன்றுதான், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று இருக்கட்டும். பழைய ரூட்டர்களில் டிகேஐபி என்று இருந்தால் மாற்றுங்கள். அது இருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறாது. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பல பண்ணைக் கருவிகள் இணையாது.

'டிரான்ஸ்மிட் பவர்' என்பதைக் கூட்டினால் தூரம் கூடாதா என்று கேட்பீர்கள். ஓரளவுக்குத்தான். மலையின் இந்தப் பக்கத்திலிருந்து மைக் வைத்துக் கூப்பிட்டால் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். அவர் வெறும் வாயால் பதில் சொன்னால் உங்களுக்குக் கேட்காது. வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் எவ்வளவு கத்தினாலும், கொட்டாயில் இருக்கும் சின்னக் கருவியின் குரல் திரும்பி வர வேண்டும். நல்ல ஆன்டெனா அப்படியில்லை. அது வாய்க்கு மைக்காகவும் காதுக்குக் குவிந்த கையாகவும் இரண்டு வேலையும் செய்யும். பணம் செலவழிப்பதாக இருந்தால் ஆன்டெனாவுக்குச் செலவழியுங்கள். நாடு என்ற இடத்தில் இந்தியா என்றே இருக்கட்டும். உரிமம் இல்லாமல் நாம் பயன்படுத்தும் இந்த அலைகளுக்கு அனுமதிக்கப்பட்ட சக்தி அளவு உண்டு. நாட்டை மாற்றி அதைத் தாண்டுவது சட்டப்படி தவறு.

கிணறு வரைக்கும் கொண்டுபோக

இத்தனை செய்தும் எட்டவில்லை என்றால் மூன்று வழி உண்டு. 100 மீட்டருக்குள் என்றால் கேபிள்தான் சிறந்தது, மண்ணில் பைப்புக்குள் இழுத்து எதிர்முனையில் இன்னொரு ரூட்டர் வைக்கலாம். 100 மீட்டர் தாண்டினால் அந்தக் கேபிளில் தகவல் சரியாகப் போகாது. ரிப்பீட்டர் இரண்டாவது வழி. எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. சாதாரண ரிப்பீட்டர் ஒரே வாயால் கேட்டு, ஒரே வாயால் சொல்வதால் வேகம் பாதியாகும். போதாததற்கு, சிக்னல் செத்த இடத்தில் அதை மாட்டுகிறார்கள். கேட்காததை அது எப்படித் திரும்பச் சொல்லும்? மாட்டுவதானால், மைனஸ் 65 அளவுக்கு சிக்னல் வரும் பாதி வழியில் மாட்டுங்கள்.

மூன்றாவது வழிதான் கொல்லைக்கு ஏற்றது. கடையில் 'அவுட்டோர் சிபிஇ' என்று கேட்டால் கிடைக்கும். வெயில் மழை தாங்கும் பெட்டிக்குள் ஒரே திசையில் அடிக்கும் ஆன்டெனாவும் சேர்ந்தே இருக்கும். ஜோடியாக வாங்கி வீட்டு மாடியில் ஒன்று, கொட்டாய்ப் பைப்பில் ஒன்று, நேருக்கு நேர் பார்த்தபடி வைக்க வேண்டும். வீட்டுப் பக்கம் இருப்பதை 'ஆக்சஸ் பாயிண்ட்' என்றும் எதிர்ப்பக்கத்தை 'கிளையன்ட்' என்றும் அமைக்க வேண்டும். பாதை திறந்திருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் ஜோடியை வாங்குங்கள். நடுவில் தவிர்க்க முடியாத மரம் இருந்தால் 2.4. சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் ஓர் எண்ணில் நிறுத்துங்கள்.

திசை வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் செட்டிங் பக்கத்தில் சிக்னல் எண்ணைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் பெட்டியை இடம் வலமாகவும் மேல் கீழாகவும் விரல் அளவு விரல் அளவாகத் திருப்ப வேண்டும். மைனஸ் 60 அருகில் வந்ததும் போல்ட்டை முறுக்குங்கள். முறுக்கும்போது நகர்ந்துவிடும், மறுபடி பாருங்கள்.

இந்தக் கருவிகளில் 'டிஸ்டன்ஸ்' அல்லது 'ஏசிகே டைம்அவுட்' என்று ஒரு செட்டிங் இருக்கும். பலர் இதைத் தொடுவதே இல்லை. வைஃபையில் ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் 'கிடைத்தது' என்று எதிர்முனை பதில் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்குள் பதில் வராவிட்டால், தகவல் தொலைந்தது என்று நினைத்து மறுபடியும் அனுப்பும். அலை 1 கிலோமீட்டர் கடக்க 3.3 மைக்ரோ விநாடி ஆகும். வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்கு வைத்த காத்திருப்பு நேரம் பல கிலோமீட்டருக்குப் போதாது. சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் வராது. இருக்கும் தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக அங்கே எழுதுங்கள்.

இதைத் தமிழ்நாட்டிலேயே பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். 2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களை வைஃபை மூலமாகவே மருத்துவமனையோடு இணைத்தார்கள். கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்தார். பல கிலோமீட்டர் தூரம். உயரமான கம்பம், திசை ஆன்டெனா, எளிய விலையுள்ள வைஃபை அட்டை. அங்கே அவர்களுக்கு வந்த பெரிய சிக்கல் நான் மேலே சொன்ன அந்தப் பதில் நேரச் சிக்கல்தான். அதற்காக மென்பொருளையே மாற்றி எழுதினார்கள். நமக்கு இன்று அது ஒரு பெட்டியில் எண்ணை நிரப்பும் வேலையாகிவிட்டது.

கல்வராயன்மலை ஊர்களுக்கு

வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் கதை வேறு. கொல்லைக்கு எடுத்துப்போக முதலில் வீட்டில் இணையம் இருக்க வேண்டுமே. ஒரு பாறைமேல் ஏறினால் சிக்னல், இறங்கினால் இல்லை என்ற ஊர்கள் மலையில் உண்டு. பிஎம் கிசான் கேஒய்சிக்கும், உழவன் செயலியில் விலை பார்க்கவும், மரவள்ளி வியாபாரியிடம் பேசவும் அந்தப் பாறைதான். வியாபாரி சொல்லும் விலை சரியா என்று அந்த நிமிடமே பார்க்க முடியாதவர் அவர் சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பாறையைத்தான் நாம் பயன்படுத்த வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் 'அபவுட் போன்', 'சிம் ஸ்டேட்டஸ்' என்று போனால் செல்போன் சிக்னலின் எண் தெரியும். 4ஜிக்கு மைனஸ் 90 நல்லது, மைனஸ் 105 வரை ஓடும், மைனஸ் 115-க்கு மேல் நம்ப முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அக்கம்பக்கத்தாரின் சிம்களையும் போட்டு ஒரே இடத்தில் அளந்து பாருங்கள். போன் அடிக்கடி 2ஜிக்கு இறங்கிவிட்டால், நெட்வொர்க் செட்டிங்கில் 4ஜியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். டவர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் பார்க்கலாம்.

நல்ல எண் கிடைக்கும் இடத்தில், வெளி ஆன்டெனா மாட்டும் வசதியுள்ள சிம் ரூட்டரை வைத்து, ஆன்டெனாவை டவர் பக்கம் திருப்புங்கள். அங்கிருந்து வீட்டுக்கு மேலே சொன்ன அவுட்டோர் ஜோடியால் இறக்கிக்கொள்ளலாம். மலையில் உயரம் இலவசம், சமவெளிக்காரர் போல் 18 அடிக் கம்பம் நட வேண்டியதில்லை. பாறையில் கரண்ட் இருக்காது. ரூட்டரும் சிபிஇயும் சேர்ந்து 10 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. 100 வாட் சோலார் தகடும் 12 வோல்ட் பேட்டரியும் வெயில் நாளில் தாங்கும். மூடிய மழைநாட்கள் தொடர்ந்தால் தாங்காது, அப்போது ராத்திரியில் அணைத்து வைக்க வேண்டியிருக்கும். நான்கைந்து வீடு சேர்ந்து செய்தால்தான் இந்தச் செலவு கட்டும். வனத்துறை நிலமாக இருந்தால் அனுமதி கேட்காமல் எதையும் நடாதீர்கள்.

ஊரில் கடை வைத்திருப்பவர் நல்ல இணைப்பு வாங்கிப் பொது வைஃபையாகக் கொடுக்க நினைத்தால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தில் அதற்கு உரிமம் தேவையில்லை. வெறுமனே கடவுச்சொல்லை ஊருக்கெல்லாம் கொடுப்பதைவிட அது பாதுகாப்பு. உங்கள் இணைப்பில் யாராவது தப்பு செய்தால் விசாரணை உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வரும்.

'செல் பூஸ்டர்' என்று ஒரு பெட்டியைத் தலையில் கட்டுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதும் ஓட்டுவதும் குற்றம். மொபைல் கம்பெனியின் அலைவரிசையிலேயே அது கத்துவதால், சுற்றியிருக்கும் மற்றவர்களின் சிக்னலையும் கெடுக்கும். சிம் ரூட்டருக்கு வெளி ஆன்டெனா மாட்டுவது வேறு. அதில் குற்றமில்லை.

மின்னல், குரங்கு, சிம்

மலையிலும் அடிவாரத்திலும் கோடை மழை இடியோடு வரும். உயரத்தில் நட்ட பைப்புக்குத் தனி எர்த் கட்டாயம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள், இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மாடியில் இருக்கும் சிபிஇக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. செம்பு பூசிய அலுமினியக் கேபிளை மலிவாகத் தருவார்கள். நீளம் கூடினால் அதில் வோல்ட் இறங்கி, கருவி அடிக்கடி அணைந்து அணைந்து எரியும். முழுச் செம்பு, வெளிப்புறப் பயன்பாட்டுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். மலையில் குரங்கு கேபிளை இழுக்கும், பைப்புக்குள் விட்டே ஏற்றுங்கள்.

வைஃபை இல்லாமல் மொபைல் ஸ்டார்ட்டர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். அதன் ஆன்டெனா ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தால் வெளியே எடுத்துக் கூரைக்கு மேல் வையுங்கள். பல பழைய ஸ்டார்ட்டர்கள் 2ஜியில் மட்டுமே வேலை செய்யும்; ஜியோவில் 2ஜி இல்லை, அந்த சிம்மை அதில் போட்டால் வேலை செய்யாது. எந்தக் கருவியாக இருந்தாலும், சிக்னல் போனால் மோட்டார் தானே நிற்கும்படியும், தண்ணீர் இல்லாத ஓட்டத்தைத் தடுக்கும் 'டிரை ரன்' பாதுகாப்பு போடப்பட்டிருக்கும்படியும் மெக்கானிக்கிடம் கேட்டுச் சரிபாருங்கள். அந்தப் பாதுகாப்புக்கு இணையம் தேவையில்லை.

எல்லாம் வைத்து முடித்ததும் வரப்பில் மறுபடி நடந்து எண்களைக் குறித்து, தேதி போட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியின் உள் கதவில் ஒட்டிவையுங்கள். கரும்பு ஏழாம் மாதம் தாண்டியதும் ஒருமுறை, ஐப்பசி மழை பிடித்ததும் ஒருமுறை அளந்து அந்த எண்களோடு ஒப்பிட்டால், கம்பத்தை இன்னும் நான்கடி ஏற்ற வேண்டுமா என்பது இணைப்பு அறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.